வெள்ளையடிக்கும் முன்: பெங்களூர்க் கல்லறைத் தோட்ட நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

பெங்களூரில் தமிழர் கல்லறைகள் உள்ள தோட்டங்களைக் கவனித்துவரும் பங்குப் பேரவைகளுக்கும், சேகரக் குழுக்களுக்கும், மாநகராட்சி இடுகாடுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

அக்டோபர் கடைசியில் ஓசூர் ரோட்டுத் தோட்டங்களிலும் கல்பள்ளி இடுகாட்டிலும் சுண்ணாம்பு வாளியும் கறுப்பு எனாமல் டப்பாவும் உள்ளே வந்துவிடும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் புல்லை வெட்டி, சிலுவைக்கு வெள்ளையடித்து, மங்கிய எழுத்தின்மேல் தூரிகை ஓட்டி முடித்தாக வேண்டும். குடும்பங்கள் பாசத்தோடு செய்கிற வேலை, அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கல்லில் இருப்பதைப் படிக்கத் தெரியாத கை அந்தத் தூரிகையைப் பிடித்தால், நூறு வருஷ மழை செய்யாததை ஒரே மத்தியானத்தில் செய்துவிடுகிறது.

பணி ஓய்வு பெற்ற தமிழர் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். வெள்ளையடிக்கும் முன், பழைய கல்லை அகற்றும் முன், குடும்பக் குழியை மறுபடி திறக்கும் முன், அந்தக் கல்லறையைப் படமெடுத்துப் பதிவு செய்ய எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அடக்கப் பதிவேட்டையும் பார்க்க விட வேண்டும். இதற்காக உங்களிடம் காசு எதுவும் கேட்கவில்லை.

பெங்களூர்க் கல்லறைகளெல்லாம் எப்போதோ பதிவாகிவிட்டனவே என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். பாதி உண்மை. தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளுக்கென்றே 1976இல் பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கினார்கள்; அது திரட்டிய ஆவணங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு உலகப் போர்களில் இறந்த பிரிட்டிஷ், காமன்வெல்த் படைவீரர்களின் கல்லறைகளுக்கு 1917இல் உருவான ஆணையம் இன்றுவரை பொறுப்பு. ஆக, கர்னலின் பளிங்குக் கல்லை நாலு பேர் நாலு திசையிலிருந்து படமெடுத்திருப்பார்கள். 1809இல் தண்டு என்ற ராணுவக் குடியிருப்பு (கன்டோன்மென்ட்) அமைந்ததிலிருந்து சென்னைப் படையோடும் அதன் பின்னாலும் வந்து அல்சூரிலும் சிவாஜி நகரிலும் குடியேறிய சிப்பாய், பட்லர், குதிரைக்காரர், கொத்தனார், பிறகு பின்னி மில்லிலும் ரயில்வேயிலும் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இவர்களுக்கு அப்படி எந்தச் சங்கமும் இல்லை. உங்கள் தோட்டத்துக் கல்லும் உங்கள் அலமாரியில் உள்ள பேரேடும்தான் அவர்களுக்கு மிச்சம். பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிய சட்டமே 1969இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஏழை ஒருவரின் இறப்புத் தேதிக்குக் கல்லறையை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது அரிது.

இதனால் வேலையின் வரிசையே மாறுகிறது. படமெடுக்க வருபவர் எவரும் முதலில் தேவதைச் சிலையும் உடைந்த தூணும் உள்ள பெரிய கல்லறைக்குத்தான் போவார். நாங்கள் கேட்பது தலைகீழ் வரிசை. முதலில் மரச் சிலுவைகள்: கரையானும் ஈரமும் சேர்ந்து அவற்றைச் சில ஆண்டுகளில் தின்று முடித்துவிடும், பெயர் எழுதிய தகரம் அதற்கு முன்பே துருப்பிடித்திருக்கும். அடுத்தது சிமெண்டுக் கல்லறைகள். ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து அரைக்கால் அங்குல ஆழம்கூட இருக்காது. ஒவ்வொரு ஆண்டுச் சுண்ணாம்பும் அதில் ஒரு படலத்தை நிரப்பும். மூன்றாவது பளிங்கு. அது சுண்ணாம்புக் கல்லின் இனம் என்பதால் நகரத்து அமில மழையில் மேற்பரப்பு சர்க்கரைபோல் உதிரும். நம் ஊர்ச் சாம்பல் நிறக் கருங்கல் கடைசி. அது இன்னும் நூறு வருஷம் நிற்கும், நமக்காகக் காத்திருக்கும். தோட்டத்தின் பின்சுவரை ஒட்டிய பகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். வாசலருகே உள்ளவை பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் கருங்கல்.

இனி, எடுக்கும் முறை. அனுமதி தருபவர்களுக்கு உள்ளே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருப்பது நியாயம். நாளைக்கு வேறு குழு வந்து இதே அனுமதியைக் கேட்டால், அவர்களுக்கு வேலை தெரியுமா என்று எடைபோடவும் இது உதவும்.

விலை உயர்ந்த கேமரா வேண்டாம், இன்றைய கைபேசி போதும். கல்லெழுத்தைக் காட்டுவது லென்ஸ் அல்ல, பக்கவாட்டு வெளிச்சம்தான். வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு, ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி சாய்வில் விழுந்தால், கண்ணுக்கே தெரியாத கீறலும் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். நேர் முன்னால் இருந்து அடிக்கும் ஃபிளாஷ் அந்த நிழலைக் கொன்றுவிடும். ஆகவே ஃபிளாஷ் கிடையாது. நிழலையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் எச்.டி.ஆர். வசதியையும் அணைத்துவிட வேண்டும். இயற்கைக் காட்சிக்கு நல்லது, கல்லெழுத்துக்கு எமன். கைபேசியின் அகல லென்ஸ் ஓரங்களை வளைப்பதால் இரண்டடி பின்னால் நகர்ந்து 2 மடங்கு ஜூமில், கல்லின் முகத்துக்கு நேர் இணையாகக் கைபேசியைப் பிடிக்க வேண்டும்.

எந்தக் கல்லுக்கு எந்த நேரம் என்பது அது நிற்கும் விதத்தைப் பொறுத்தது. தரையோடு படுத்திருக்கும் பலகைக் கல்லுக்குச் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும் சாயும் கடைசி ஒரு மணி நேரமும். நிற்கும் கல்லுக்கு, அது கிழக்கோ மேற்கோ பார்த்திருந்தால், நண்பகலுக்குச் சற்று முன்னும் பின்னும். பெங்களூரில் உண்மையான நண்பகல் கடிகாரத்தில் 12.20 வாக்கில்தான். நம் ஊர் ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 25ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த இரண்டு நாட்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் மட்டுமே நண்பகல் வெயில் வடக்குப் பார்த்த கல்லின் முகத்தைத் தொடும். அதுவோ பாதி மழைக்காலம். மற்ற மாதங்களில் வடக்குப் பார்த்த கல் பெரும்பாலும் நிழலிலேயே கிடக்கும்.

அதற்குத்தான் கண்ணாடி. ஓரடி அகலம், நாலடி உயரம் உள்ள அக்ரிலிக் கண்ணாடி ஒன்று. வீட்டு பீரோக் கண்ணாடி கனம். கீழே போட்டால் கல்லறை முழுக்கச் சில்லு. ஒருவர் பத்தடி தள்ளி வெயிலில் நின்றுகொண்டு, வெயிலைத் திருப்பிக் கல்லின் இடது மேல் மூலையிலிருந்து உரசும்படி விட வேண்டும். கீழிருந்து விட்டால் குழிந்த எழுத்து புடைத்த எழுத்தாகத் தோன்றிக் கண்ணை ஏமாற்றும். பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டில் சிக்கல் வேறு மாதிரி: எழுத்து தெளிவாகவே இருக்கும், ஆனால் படத்தில் எடுப்பவரின் தொப்பியும் பின்னால் உள்ள மரமும்தான் விழும். ஒரு கறுப்புக் குடையை விரித்துப் பின்னால் பிடித்தால் போதும்.

ஒவ்வொரு கல்லறைக்கும் நாலு படம். சுற்றுப்புறத்தோடு ஒன்று, பக்கத்துக் கல்லறைகள் தெரிய வேண்டும். முழுக் கல் ஒன்று. எழுத்து மட்டும் ஒன்று. பின்பக்கமும் பக்கவாட்டும் ஒன்று. செதுக்கிய பட்டறையின் பெயர் பெரும்பாலும் கீழ் மூலையில் ஒளிந்திருக்கும். இந்த நாலுக்கும் முன்னால், பகுதி, வரிசை, கல்லறை எண் எழுதிய சிலேட்டை ஒரு படம். சிலேட்டு இல்லாமல் எடுத்தால் மாலையில் வீட்டில் உட்கார்ந்து எது எந்தக் கல் என்று பிரிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். திறந்த வெளியிலேயே கைபேசியின் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் முன்பின் காட்டும், தூங்குமூஞ்சி மரத்தடியில் இன்னும் மோசம். கல்லறைகள் நாலடிக்கு ஒன்று இருக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் என்றால் நாலு கல்லறை தள்ளிப்போகும். ஆகவே கிராஃப் தாளில் கையால் வரைந்த வரிசைப் படம்தான் அடிப்படை, ஜி.பி.எஸ். துணைக்கு. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. ஆகிய பொதுத்துறை ஆலைகளின் வரைபடப் பிரிவுகளில் ஓய்வு பெற்றவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு இருவர் இருப்பார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிட ஆள் கிடைக்காது.

கல்லைத் தொடுவது பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும், இருக்கத்தான் வேண்டும். தண்ணீர், மிருதுவான தூரிகை, இவை இரண்டைத் தவிர வேறு எதுவும் கல்லின்மேல் படாது. எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி தேய்ப்பது, மைதா தூவுவது, ஷேவிங் கிரீம் பூசுவது எல்லாம் உலகம் முழுக்க நடக்கிற தப்பு. சுண்ணக்கட்டித் தூள் கல்லின் நுண்துளைகளில் தங்கும். மைதா பூஞ்சைக்குச் சோறு. ஷேவிங் கிரீமில் உள்ள கொழுப்பமிலம் பளிங்கை மெல்ல அரிக்கும். இரும்புக் கம்பித் தூரிகை விட்டுச்செல்லும் துகள் அடுத்த மழையில் துருவாகிக் கல் முழுக்கச் சிவப்பாக ஒழுகும். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டைப் பளிங்கில் ஊற்றினால் நுரை வருமே, அந்த நுரைதான் கல், கரைந்துகொண்டிருக்கிறது. இதை உங்கள் பராமரிப்பு ஆட்களுக்கும் சொல்லிவையுங்கள், எங்களுக்கு அனுமதி தராவிட்டாலும்கூட.

கருங்கல்லில் எழுத்து பிடிபடவில்லை என்றால் கைத்தெளிப்பானால் தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் பொறுப்பதே நல்ல வழி. மேற்பரப்பு முதலில் காய்ந்து வெளுக்கும். பள்ளத்தில் ஈரம் நின்று எழுத்து கறுப்பாகத் தெரியும். அந்த இடைவெளிக்குள் படமெடுத்துவிட வேண்டும். மெழுகுவர்த்தி மெழுகு இறுகிக் கிடந்தால் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மேலோட்டமாக நெம்பி எடுக்கலாம், மண்ணெண்ணெய் கூடாது. பாசியும் கற்காளானும் அப்படியே இருக்கட்டும். சுரண்டினால் கல்லின் தோலும் சேர்ந்து வரும்.

பளிங்கில் ஈய எழுத்து பதித்த கற்கள் தனி ரகம். கல்லில் சிறு துளைகள் போட்டு அதில் ஈயத்தை அடித்து இறுக்கியிருப்பார்கள். காலப்போக்கில் ஈயம் கழன்று விழும், அல்லது யாரோ நெம்பி விற்றிருப்பார்கள். பெயரே போய்விட்டது என்று அந்தக் கல்லை ஒதுக்கிவிடாதீர்கள். துளைகளின் அமைப்பே எழுத்தைச் சொல்லும். பக்கத்தில் ஈயம் மிஞ்சிய அதே எழுத்தின் துளைகளோடு ஒப்பிட்டால் பல பெயர்களை மீட்கலாம். 'படிக்க முடியாத கல்' என்று முத்திரை குத்தி அகற்றப்படும் கற்களில் இவையும் சேர்ந்துவிடுகின்றன.

அடுத்தது படித்தெழுதுவது. எல்லாவற்றிலும் கடினம் இதுதான், வெளியூர்த் தொண்டர்களிடம் விடமுடியாத வேலையும் இதுதான். பழைய தமிழ்க் கற்களில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, அல்லது தேய்ந்திருக்கும். ரகரமும் கால் குறியும் ஒரே வடிவம் என்பதால், 'கர்த்தருக்குள்' என்பது புள்ளி போனபின் 'காததருககுள' என்று நிற்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, ணை, லை, ளை, னை வடிவங்கள் தமிழ் தெரிந்த இளைஞர்களையே திணறடிக்கும். கணினியில் ஏற்றும்போது இன்றைய வடிவத்தில் எழுதிவிட்டு, குறிப்புப் பத்தியில் 'பழைய வடிவம்' என்று போட வேண்டும். தேதி உடைந்த கல்லுக்கு வயது சொல்ல அது உதவும்.

தமிழ் எண்கள்தான் பெரிய கண்ணி. ௧௮௯௮ என்று ஒரு கல்லில் இருக்கிறது என்று வையுங்கள். 1898. ஆனால் ௧ என்பது 'க' போல, ௮ என்பது 'அ' போல, ௯ என்பது 'கூ' போல. எண் என்று தெரியாத பெயிண்டர் தனக்குத் தெரிந்த எழுத்தாக அதைத் திருத்தி 'கஅகூஅ' என்று பளிச்சென்று எழுதிவைப்பார். மூன்று ஆண்டு கழித்து வரும் பேரன் அதைத் தாத்தாவின் ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்துக்கொள்வான். சில கற்கள் இன்னும் பழைய முறையில், ஆயிரம், நூறு, பத்துக்குத் தனிக் குறியோடு ௲௮௱௯௰௮ என்று எழுதும். தேதிக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵ என்ற குறிகளும் வரும். இவற்றைப் பூச்சுக்காரர்கள் அலங்காரக் கோடு என்று எண்ணி அழித்தே விடுவதுண்டு. இந்துச் சமாதிகளில் ஆங்கில ஆண்டே இல்லாமல் 'விளம்பி வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் அது 1838ஆ, 1898ஆ, 1958ஆ என்று கல்லின் வகையையும் எழுத்து வடிவத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய முடியாவிட்டால் மூன்றையும் எழுதிவைப்பதே நேர்மை.

ஒரு சிறு உதாரணம். கல்லில் 'செப்டம்பர் 9, வெள்ளிக்கிழமை, 189' வரைதான் இருக்கிறது, கடைசி இலக்கத்தின் மேல்பாதி சிதைந்துவிட்டது. அந்தப் பத்தாண்டில் செப்டம்பர் 9 வெள்ளிக்கிழமையாக வந்தது 1892, 1898 ஆகிய இரண்டே முறை. இனி அந்த இலக்கத்தின் அடியைப் பக்க வெளிச்சத்தில் பாருங்கள். தட்டையாக இருந்தால் 2, வளைவாக இருந்தால் 8. வளைவாக இருக்கிறது, ஆகவே 1898. அது பெங்களூரில் பிளேக் புகுந்த ஆண்டு. அதற்காக 'பிளேக்கில் இறந்தார்' என்று எழுதிவிடக் கூடாது. கல் சொல்லாததை நாம் சொல்லத் தொடங்கினால் முதலுக்கே மோசம்.

ஒவ்வொரு கல்லையும் இருவர் தனித்தனியே, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், படத்திலிருந்து வரிக்கு வரி எழுத வேண்டும். வரி முடியும் இடத்தில் சாய்கோடு, சந்தேக எழுத்துக்குச் சதுர அடைப்பு, போன எழுத்துக்கு மூன்று புள்ளி. எழுத்துப்பிழையைத் திருத்தக் கூடாது. 'பாரியாள்' என்று இருந்தால் 'மனைவி' ஆக்கக் கூடாது. இரண்டும் வேறுபட்டால் மூன்றாமவர் தோட்டத்துக்கே போய்க் கல்லைப் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற தமிழாசிரியர்களுக்குத் திருத்தாமல் எழுதுவது கொஞ்சம் கஷ்டமான காரியம், அதற்குத்தான் பழக்கம் வேண்டும். தட்டச்சு யூனிகோடில் மட்டும்; பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் பத்து வருஷத்தில் புரியாத கிறுக்கலாகிவிடும். படத்திலிருந்து எழுத்தைத் தானாக எடுக்கும் செயலிகள் அச்சுத்தாளுக்குச் சரி, தேய்ந்த தமிழ்க் கல்லுக்கு நம்ப முடியாது.

பதிவேடு ஏன் வேண்டும் என்று இங்கே சொல்லிவிடுகிறோம். கல்லில் 'சூ. அருளப்பன்' என்று இருக்கும். உங்கள் ஆங்கிலப் பேரேட்டில் அவரே 'ஜே. ஜான்'. சூசை என்றால் ஜோசப், அருளப்பர் என்றால் ஜான், ராயப்பர் பீட்டர், சின்னப்பர் பால், இன்னாசி இக்னேஷியஸ், சவரி சேவியர். இந்தப் பொருத்தம் தெரியாமல் தேடினால் இருவரையும் இரண்டு ஆள் என்று எண்ணிக்கொள்வார்கள். பிறந்தவுடன் இறந்த குழந்தைகளுக்கும் கல் நட வசதியில்லாதவர்களுக்கும் பேரேட்டில் மட்டுமே ஒரு வரி இருக்கும். கல்லையும் பேரேட்டையும் சேர்த்து வைத்தால்தான் தோட்டம் முழுமையாகும்.

பேரேட்டை நாங்கள் வெளியே எடுத்துப்போக மாட்டோம். உங்கள் அலுவலகத்திலேயே, உங்கள் ஆள் பக்கத்தில் இருக்க, ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுப்போம். பழைய பைண்டிங்கை மேசைமேல் தட்டையாக அழுத்தி விரித்தால் முதுகு உடையும். இரு பக்கமும் தலையணை கொடுத்துப் பாதி திறந்த நிலையில், இடப்பக்கங்களை முதலிலும் வலப்பக்கங்களைப் பிறகும் எடுக்க வேண்டும். மை தின்று துளை விழுந்த தாளைப் புரட்டுவதற்கு முன் அடியில் ஒரு வெள்ளை அட்டை செருக வேண்டும். இல்லையென்றால் அடுத்த பக்கத்து எழுத்து துளை வழியாகத் தெரிந்து குழப்பும். எச்சில் தொட்டுப் புரட்டும் பழக்கம் உள்ளவர்களை, எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், இந்த மேசைக்கு விடுவதில்லை.

நேரக் கணக்கு இது. பாதையும் மரமும் மூன்றில் ஒரு பங்கு போக, கல்லறைக்கு எட்டடிக்கு நாலடி என்று வைத்தால், ஏக்கருக்கு ஏறத்தாழ 900 கல்லறை. இருவர் அணி ஒரு கல்லறைக்கு மூன்று நிமிடம் எடுத்தால் காலை இரண்டேகால் மணி நேரத்தில் 45. ஆக ஏக்கருக்கு ஓர் அணிக்கு 20 காலைகள். படம் ஒன்று 4 எம்.பி. என்றால் 900 கல்லறைக்கு நாலு படம் வீதம் 15 ஜி.பி.க்குள் அடங்கும். படித்தெழுதுவதற்கு இதைப்போல் மூன்று மடங்கு நேரமாவது ஆகும். அதை வீட்டில் உட்கார்ந்து செய்யலாம் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்கும் வேலை உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை புல் காய்ந்து, வெயில் சாய்ந்து, எல்லாம் கூடிவரும் காலம். ஆனால் வெள்ளையடிப்பு அதற்கு முன் வந்துவிடுவதால், மரச் சிலுவைகளும் சிமெண்டுக் கல்லறைகளும் செப்டம்பர், அக்டோபரில் மழைக்கு நடுவே முடிந்தாக வேண்டும்.

பாதுகாப்புக்கு நாங்களே பொறுப்பு, அதை எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறோம். மூன்றடி உயரம், இரண்டடி அகலம், நாலங்குலத் தடிமன் உள்ள ஒரு கருங்கல் ஏறத்தாழ 150 கிலோ. அடித்தளம் சாய்ந்திருந்தால் ஒருவர் கைவைத்துச் சாய்ந்தாலே விழும். சாய்ந்த கல்லின் முன்னால் உட்காருவதில்லை, பக்கவாட்டில் நின்று எடுப்பது. செங்கல் கட்டிய பழைய குழிகளின் மேல்பலகைக்கு அடியில் வெறும் பொந்து; தடியால் தட்டி ஓசை பார்க்காமல் கால் வைக்கக் கூடாது. பார்த்தீனியச் செடி இந்த ஊர்த் தோட்டங்களின் சாபம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். தனியாக யாரும் உள்ளே போவதில்லை. அடக்கம் நடக்கிற நேரத்தில் அந்தப் பகுதியில் எந்தக் கைபேசியும் வெளியே வராது.

படங்கள் எங்கே போகும் என்பது நியாயமான கேள்வி. மூன்று பிரதிகள்: ஒன்று உங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று எங்களிடம், ஒன்று வேறோர் ஊரில். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எழுத்து மசியும். ஆகவே அசல் கோப்பாக மட்டுமே கைமாறும். இணையத்தில் ஏற்றுவது இரண்டாம் கட்டம், உங்கள் தனி ஒப்புதலோடு. கடந்த 25 ஆண்டுக்குள்ளான கல்லறைகளை ஏற்றுவதில்லை என்பது எங்கள் கருத்து. அந்தக் கற்களில் துக்கப்படும் பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள் எல்லோர் பெயரும் இருக்கும், அவர்கள் உயிரோடு இருப்பவர்கள். குடும்பம் கேட்டுக்கொண்டால் ஏற்றலாம், வேண்டாம் என்றால் எந்த ஆண்டுக் கல்லானாலும் எடுத்துவிடலாம். காரணம் கேட்க மாட்டோம்.

உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். லெட்டர்ஹெட்டில் ஓர் அனுமதிக் கடிதம். வாட்ச்மேனிடம் அதன் நகல். காலை ஆறரை மணிக்குக் கேட் திறப்பு. தண்ணீர்க் குழாய். முடிந்தால் கழிவறைச் சாவி. எழுபது வயதுக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எந்தக் கல்லையும் அகற்றும் முன், குழியை மறுபடி திறக்கும் முன், 15 நாள் முன்னறிவிப்பு; அவசர அடக்கமானால் ஒரு போன் போதும், அரை மணியில் ஒருவர் வந்து நாலு படம் எடுத்துவிடுவார். ஏற்கெனவே அகற்றிச் சுவரோரம் சாத்தியிருக்கும் கற்களை ஜல்லிக்கோ நடைபாதைக்கோ கொடுக்காமல் நிறுத்திவையுங்கள். அவை எந்த வரிசையிலிருந்து வந்தவை என்று குழி தோண்டுபவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு காலையை ஒதுக்கித் தாருங்கள், அந்த நேரத்துக்கான கூலியை நாங்கள் கொடுக்கிறோம்.

பெயிண்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் ஒட்டிவைத்தால் போதும்: எழுத்து தெரியாத இடத்தில் எழுத்தைப் போடாதே, சும்மா விடு. தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் அச்சடித்து லேமினேட் செய்த அட்டைகளை நாங்களே கொண்டுவந்து தருகிறோம், கேட்டருகில் ஒன்று, குழாயடியில் ஒன்று மாட்ட. பதில் ஆகஸ்ட் முடிவதற்குள் கிடைத்தால் செப்டம்பர் முதல் சனிக்கிழமை பின்சுவர்ப் பகுதியில் தொடங்குவோம். மறுப்பதானாலும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், அடுத்த தோட்டத்துக்குப் போய்க் கேட்போம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தொண்டர்கள் சிலர்,
பெங்களூர்